மலையில் இருப்பவர் கேம் தொகுப்பு வாங்கலாமா? கோத்தகிரியிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கையில் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். மழைக்காலம் வந்தால் மின்சாரமும் இணையமும் மாறி மாறிப் போகும். பத்தாம் வகுப்பு படிக்கும் உங்கள் அக்கா மகனும் அதே லேப்டாப்பில்தான் விளையாடுவான். இந்த நிலையில், சிறு குழுக்கள் உருவாக்கிய இண்டி ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாகவே மாறிக் கதையை ஆடும்) கேம்களும், சீசர் 3, ஃபாரோ போன்ற பழைய நகரம் கட்டும் கேம்களும் கலந்து எண்பது, தொண்ணூறு சதவீதத் தள்ளுபடியில் வரும் தொகுப்பை வாங்குவது லாபமா என்பது உங்கள் கேள்வி. குன்னூரில் இருந்துகொண்டு, இதே மழையிலும் இதே மின்தடையிலும் இவ்வகைக் கேம்களைப் பல ஆண்டுகளாக வாங்கி விளையாடி வருபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொகுப்பில் உள்ள பழைய நகரம் கட்டும் கேம்களுக்கு மட்டும் ஒரு விலை போட்டுப் பாருங்கள். அவற்றுக்காக மட்டுமே கொடுத்தாலும் அந்தத் தொகை கட்டுப்படியாகும் என்றால் வாங்குங்கள். ஆர்பிஜிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கூடவே வந்தால் வரட்டும்.

இப்படிப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நகரம் கட்டும் கேமை ஒரு மணி நேரம் ஆடி நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்துத் திறந்தாலும் நகரம் கண்ணெதிரே அப்படியே நிற்கும். எங்கே தானியம் தீர்ந்திருக்கிறது, எந்தத் தெருவில் வீடுகள் காலியாகின்றன என்பது பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். ஆர்பிஜியைப் பத்து நாள் விட்டுவிட்டால், நம்மை யார் எதற்காக எங்கே அனுப்பினார்கள் என்பதே மறந்துபோகும். அதனால் ஐந்து ஆர்பிஜி ஒன்றாக வந்தால் ஒன்றைத்தான் முடிப்போம். மற்ற நான்கும் பட்டியலில் பெயராகவே கிடக்கும். உழவர் சந்தையில் கூறு கட்டி வைத்த காய்கறியை மலிவு என்று அள்ளிக்கொண்டு வந்து, பாதியை வாடவிடுவது போன்ற செலவு அது.

தொகுப்பு என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒரே வகை அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கணினிக் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடைக்குள்ளேயே விற்கப்படும் தொகுப்புகள் பெரும்பாலானவற்றில், ஏற்கெனவே உங்களிடம் உள்ள கேமின் விலை கழிக்கப்பட்டு மீதிக்கு மட்டும் பணம் கேட்கப்படும். அங்கே தொகுப்புக்கான தள்ளுபடி, தனித்தனிக் கேமின் தள்ளுபடி போக மிச்சமுள்ள விலையின் மேல்தான் விழும். 500 ரூபாய்க் கேம் பாதி விலையில் இருக்கும்போது தொகுப்புக்கு மேலும் பத்து சதவீதம் குறைப்பு என்றால், 250 ரூபாயிலிருந்து பத்து சதவீதம் போய் 225 ஆகும். இரண்டையும் கூட்டி அறுபது சதவீதம் என்று எண்ணிக்கொண்டு 200 ரூபாயை எதிர்பார்க்கக் கூடாது.

ஹம்பிள் பண்டில், ஃபனாட்டிக்கல் போன்ற தளங்களில் கிடைப்பது வேறு வகை. அங்கே நீங்கள் வாங்குவது பெரும்பாலும் ஸ்டீமில் போட்டுக் கேமைப் பெற்றுக்கொள்ள வேண்டிய கீ என்னும் குறியீடு. ஹம்பிள் 2010-இல் தொடங்கியபோது வேர்ல்ட் ஆஃப் கூ, அக்வாரியா உள்ளிட்ட இண்டி கேம்களை, வாங்குபவர் மனம்போல் விலை கொடுக்கலாம் என்ற முறையில் விற்று, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. அதில் ஒரு பங்கு தொண்டு அமைப்புகளுக்குப் போனது. இப்போது குறைந்தபட்ச விலையும், கூடுதல் கேம் வேண்டுமானால் அடுத்த படிக்குக் கூடுதல் விலையும் வந்துவிட்டன. பெரும்பாலும் மேல் படியில்தான் நாம் தேடும் கேம் இருக்கும். கீழ்ப்படியில் இருப்பவை எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டுவதற்கு. எண்ணிக்கைக்கு உச்சம் என்று 2020 ஜூனில் இட்ச் ஐஓ தளம் நடத்திய நிதி திரட்டலைச் சொல்லலாம்: 5 டாலருக்கு 1,700-க்கும் மேற்பட்ட படைப்புகள். நல்ல நோக்கத்துக்குக் கொடுத்த பணம் என்ற அளவில் அதில் குறையே இல்லை. ஆனால் அதை வாங்கிய என் நண்பர்களில் பத்து கேமைத் தாண்டித் திறந்தவர் ஒருவரும் இல்லை.

பணத்தைத் திரும்பப் பெறுவதிலும் இந்த வேறுபாடு முக்கியமானது. ஸ்டீமில் நேரடியாக வாங்கிய தொகுப்பை, வாங்கிய 14 நாளுக்குள், அதிலுள்ள எல்லாக் கேம்களையும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கீயாக வாங்கியதற்கு ஸ்டீம் பொறுப்பேற்காது. சில கீகளுக்குக் காலக்கெடு உண்டு. சில கீகள் குறிப்பிட்ட நாடுகளில் மட்டுமே செல்லும். ஆகவே பணம் கட்டும் முன் அந்தக் கேம்களுக்குக் கீழே சிறிய எழுத்தில் இந்தியா பற்றி ஏதேனும் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய அன்றே எல்லாக் கீகளையும் கணக்கில் போட்டுவிடுங்கள்.

விலையை ஒப்பிடும்போது டாலரை ரூபாயாக்கிப் பார்த்தால் மட்டும் போதாது. 2015 நவம்பரிலிருந்து ஸ்டீம் இந்தியாவில் ரூபாயில் விற்கிறது. பல பதிப்பாளர்கள் நமக்கு வைத்திருக்கும் ரூபாய் விலை, அமெரிக்க விலையை அப்படியே மாற்றினால் வருவதைவிடக் குறைவு. டாலரில் விற்கும் தொகுப்பு பக்கத்தில் காட்டும் தள்ளுபடி சதவீதமோ அமெரிக்க விலையை வைத்துக் கணக்கிட்டது. அதோடு வங்கி எடுத்துக்கொள்ளும் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். தொண்ணூறு சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது, நமக்கு வந்து சேரும்போது எழுபதாகச் சுருங்குவது உண்டு. ஜூன் கடைசியில் தொடங்கும் கோடைத் தள்ளுபடியிலோ, டிசம்பர் கடைசியில் வரும் குளிர்காலத் தள்ளுபடியிலோ நீங்கள் விரும்பும் இரண்டு மூன்று கேம்களை மட்டும் ரூபாயில் தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கூட்டி, அந்தத் தொகையோடு தொகுப்பின் விலையை ஒப்பிடுங்கள். ஒரு கேம் இதுவரை எந்த அளவுக்கு விலை இறங்கியிருக்கிறது என்பதை ஸ்டீம்டிபி, இஸ்தேர்எனிடீல் ஆகிய தளங்கள் காட்டும். அந்தப் பழைய விலையைப் பார்த்தால் பாதி அவசரம் அடங்கிவிடும்.

இனி, பழைய நகரம் கட்டும் கேம்களை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதைச் சொல்கிறேன். தொகுப்புகளில் அடிக்கடி தென்படுபவை இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி சியரா வெளியிட்ட வரிசை: 1998-இல் சீசர் 3, 1999-இல் ஃபாரோ, 2000-இல் ஜீயஸ், 2002-இல் பிரேக்அவே கேம்ஸோடு சேர்ந்து செய்த எம்பரர். இவற்றின் சுவை, நகரத்துக்குள் நடமாடும் மனிதர்களில் இருக்கிறது. சீசர் 3-இல் வீடுகளுக்கு வேண்டிய பெரும்பாலானவற்றை நாம் நேரடியாக வழங்க முடியாது. காவல் நிலையம் கட்டினால் அதிலிருந்து ஒரு காவலர் தெருவில் இறங்கி நடக்கிறார். அவர் கடந்து போகும் கட்டடங்களில் தீப்பிடிக்கும் ஆபத்து குறைகிறது. சந்தையிலிருந்து ஒருத்தி தானியக் களஞ்சியத்துக்குப் போய் கோதுமை வாங்கி வருகிறாள். இன்னொருத்தி அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அவள் கால் படாத தெருவில் இருக்கும் வீட்டுக்கு உணவு இல்லை. முச்சந்தியிலும் நாற்சந்தியிலும் இவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பது நம் கையில் இல்லை. ஆகவே நாலாபுறமும் சாலையை இழுத்துவிட்டால், நேற்றுவரை வளமாக இருந்த குடியிருப்பு இன்று சரிந்து கூடாரமாகிவிடும். இதைப் புரிந்துகொண்டவர், சந்திப்புகளைக் குறைத்து வளையமாகச் சாலை போட்டு, அதன் இருபுறமும் வீடுகளை வைத்து, சந்தை, பள்ளி, கோயில் மூன்றும் அந்த வளையத்தைச் சுற்றிவருவோர் வழியிலேயே அமையுமாறு திட்டமிடுகிறார். ஒரு தெருவை ஒழுங்காக அமைப்பதற்குள் மாலை போய்விடும். அந்த மாலைப் பொழுது நன்றாகக் கழிந்தது என்ற நிறைவும் இருக்கும்.

ஃபாரோவில் இந்தச் சிக்கலுக்கு வழிமறிக்கும் தடுப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். சுற்றித் திரிபவர்கள் அதைத் தாண்டிப் போகமாட்டார்கள். அதனால் முதலில் ஆடுவதற்கு சீசர் 3-ஐவிட ஃபாரோ ஏற்றது என்பது என் எண்ணம். அங்கே நைல் ஆண்டுதோறும் பெருகி வயல்களை மூழ்கடிக்கிறது. வெள்ளம் எந்த அளவுக்கு ஏறியது என்பதைப் பொறுத்து அடுத்த அறுவடை அமைகிறது. வெள்ளம் வடிந்ததும் வயலுக்குப் போகும் அதே கூலியாட்களைத்தான் பிரமிடு வேலைக்கும் அனுப்ப வேண்டும். பருவத்தை நம்பி வாழும் ஊர்க்காரருக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜீயஸ் இவற்றைவிட எளிது, வேடிக்கையும் அதிகம். இதே ஃபாரோவை 2023-இல் புதிய ஓவியங்களோடு மறு ஆக்கம் செய்திருக்கிறார்கள். தொகுப்பில் அது இருந்தால் வரவேற்கலாம், ஆனால் உங்கள் லேப்டாப்புக்குப் பழையதே பொருந்தும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன கேம்கள் சமவெளிக்காரர் செய்தவை போலவே இருக்கும். குன்று என்றால் அவற்றில் கட்டடம் எழுப்ப முடியாத பாறைச்சுவர், அவ்வளவுதான். சரிவில் ஊரை ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் சிம்சிட்டி வரிசைக்குத்தான் வர வேண்டும். 1989-இல் வில் ரைட் உருவாக்கிய முதல் சிம்சிட்டியில் தரை தட்டை. சிம்சிட்டி 2000-இல் மேடு பள்ளம் வந்தது. மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடலாம், அருவி விழும் இடத்தில் நீர்மின் நிலையம் அமைக்கலாம். 1932-லேயே பைக்காரா நீரிலிருந்து மின்சாரம் எடுத்த மாவட்டத்துக்காரருக்கு அது சின்ன மகிழ்ச்சி. 2003-இல் வந்த சிம்சிட்டி 4-இல் நிலத்தைச் செதுக்குவதும், சாலையின் ஏற்ற இறக்கமும் இன்னும் நுணுக்கமானவை. ஆனால் புதிய கணினிகளில் செயலியின் (பிராசசரின்) பல கோர்களையும் சேர்த்துப் பயன்படுத்த முயன்று அது அவ்வப்போது நின்றுவிடும். ஒரு கோரில் மட்டும் ஓடுமாறு அமைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரயில் பாதை போட விருப்பமுள்ளவர் டிரான்ஸ்போர்ட் டைகூன் தேடி எந்தத் தொகுப்பையும் வாங்க வேண்டாம். கிறிஸ் சாயர் 1994-இல் செய்த அந்த வகைக் கேம், ஓப்பன்டிடிடி என்ற பெயரில் முற்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஏற்றத்தில் ரயில் மூச்சு வாங்குவதை அங்கே பார்த்தால் மேட்டுப்பாளையம் பாதைக்குப் பல்சக்கரம் எதற்கு என்று பையனுக்கு விளக்கச் சிரமம் இருக்காது.

ஒரே மனிதர் உருவாக்கி 2014-இல் வெளியான பேனிஷ்டு தொகுப்பில் வந்தால் விடாதீர்கள். பழைய கணினியிலும் ஓடும். குளிர்காலத்துக்கு முன் விறகு சேர்க்காவிட்டால் ஊரே உறைந்து சாகும். சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் சிறந்த கேம்தான், ஆனால் நகரம் பெருகப் பெருக 4 ஜிபி ராம் திணறிவிடும். அதன் இரண்டாம் பாகத்தை உங்கள் லேப்டாப்பில் நினைத்தும் பார்க்க வேண்டாம்.

இந்தப் பழைய கேம்களை எங்கே வாங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இரண்டு கடைகளிலும் ஏறக்குறைய ஒரே விலை என்றால் ஜிஓஜியில் வாங்குங்கள். போலந்தின் சிடி புராஜெக்ட் 2008-இல் பழைய கேம்களுக்கென்றே தொடங்கிய கடை அது; வாங்கியதை நிறுவும் கோப்பை அப்படியே டவுன்லோட் செய்து பென்டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ வைத்துக்கொள்ளலாம், பிறகு இணையமே தேவையில்லை. வாங்கிய 30 நாளுக்குள், ஆடிப் பார்த்திருந்தாலும்கூட, சரிவரவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கவும் அவர்கள் இடம் தருகிறார்கள். வீட்டில் பழைய சிடி இருக்கிறதே என்று முயன்றால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அக்காலத்து சிடிகள் பலவற்றில் இருந்த சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பை விண்டோஸ் 10 ஏற்பதில்லை, நம் ஊர் ஈரத்தில் சிடியில் பூஞ்சையும் பிடித்திருக்கும். சீசர் 3 மூலக் கேம் 1024-க்கு 768 என்ற அளவுக்கு மேல் திரையை நிரப்பாது. அதற்கு ஜூலியஸ், அகஸ்டஸ் என்று ஆர்வலர்கள் உருவாக்கிய இரண்டு இலவச மென்பொருள்கள் உள்ளன. வாங்கிய கேமின் கோப்புகளை வைத்துக்கொண்டு அகலத் திரையில் ஓடச் செய்வதோடு, லினக்ஸிலும் இயங்கும். அகஸ்டஸில் ஃபாரோவின் தடுப்பும் உண்டு.

மின்சாரமும் இணையமும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எப்போதும் இணையத்தில் இருந்தால்தான் ஓடும் கேம் நமக்கு ஆகாது. 2013 மார்ச்சில் வெளியான சிம்சிட்டி அப்படித்தான் வந்தது. வெளியான முதல் நாள்களில் சர்வர்கள் திணறியதால் நல்ல இணையம் உள்ளவர்களே ஆட முடியாமல் தவித்தார்கள். இணையமின்றி ஆடும் வசதி ஓராண்டு கழித்துத்தான் கிடைத்தது. ஸ்டீமில் வாங்கிய சாதாரணக் கேம்களுக்கு ஆஃப்லைன் முறை உண்டு, ஆனால் இணையம் இருக்கும்போதே கேமை ஒருமுறை முழுதாகத் திறந்து பார்த்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை நமக்குத்தான் பலமாக விழும். மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கோத்தகிரியில் விளக்கு வர எவ்வளவு நேரமாகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வாங்கியவற்றை ஐப்பசிக்கு முன்பே டவுன்லோட் செய்து நிறுவிவிடுங்கள். மே மாதச் சீசனிலும் மொபைல் டேட்டாவை நம்ப வேண்டாம். மலர்க்கண்காட்சி நாள்களில் டவர் தாங்காது. இன்னொரு வசதி: 2023 முதல் ஸ்டீமில், ஒரே வைஃபையில் உள்ள ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கேமை நேரடியாகக் கொண்டுபோகலாம். நல்ல இணையம் உள்ள உறவினர் வீட்டுக் கணினியில் இறக்கி வைத்து, உங்கள் லேப்டாப்பை அங்கே கொண்டுபோனால் போதும்.

மின்தடையில் எவ்வளவு இழப்போம் என்பது சேமிக்கும் முறையைப் பொறுத்தது. லேப்டாப் பேட்டரி நன்றாக இருந்தால் கவலையில்லை. அது செத்திருந்தால் இதைக் கவனியுங்கள். சீசர் 3, ஃபாரோ ஆகியவற்றில் எந்த நொடியிலும் சேமிக்கலாம். ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணைக் கேமில் கதாபாத்திரம் படுத்துத் தூங்கினால்தான் சேமிக்கும். அங்கே ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் ஏறக்குறைய கால் மணி நேரம், ஆகவே இழப்பும் அதற்குள் அடங்கும். அண்டர்டேல் என்ற ஆர்பிஜியில் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே சேமிக்கலாம்.

ஆர்பிஜிகளுக்கு வருவோம். கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றேனே தவிர, அவை மட்டமானவை என்று சொல்லவில்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் ஆங்கிலம் வாசிக்கும் பொறுமையை அளந்து. டிஸ்கோ எலிசியத்தில் பத்து லட்சம் சொற்கள் அளவுக்கு உரை இருக்கிறது. வாசிப்பவருக்கு அது விருந்து, வாசிக்காதவருக்கு அதில் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. தவிர 20 ஜிபி இடமும் வேண்டும். பழைய கணினியில் ஓடும் உண்மையான ஆர்பிஜி வேண்டுமானால் சியாட்டிலில் ஜெஃப் வோகல் நடத்தும் ஸ்பைடர்வெப் நிறுவனத்தின் அவெர்னம் வரிசையைப் பாருங்கள். 1995-இல் எக்ஸைல் என்று வந்த கதையையே பிறகு இரண்டு முறை புதுப்பித்து விற்றிருக்கிறார். ஓவியம் எளியது, உலகம் பெரியது. தொகுப்பில் அவெர்னத்தின் பல பாகங்கள் இருந்தால் முதல் பாகம் ஒன்றே ஓராண்டுக்குப் போதும். செர்பியாவில் உருவான அண்டர்ரெயில் சிறப்பானது, ஆனால் தொடக்கத்தில் திறன்களைத் தவறாகப் பகிர்ந்தால் பாதி வழியில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். புதியவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

உங்கள் அக்கா மகனுக்கு அண்டர்டேல் கொடுங்கள். டோபி ஃபாக்ஸ் இசை உட்பட ஏறக்குறைய தனியாகவே செய்து 2015-இல் வெளியிட்டது. எதிரே வரும் ஒருவரையும் கொல்லாமல், பேசியும் பொறுத்தும் கேமை முடிக்கலாம். எந்த லேப்டாப்பிலும் ஓடும். டார்க்கெஸ்ட் டஞ்சன் என்ற இருண்ட ஆர்பிஜியும் டிஸ்கோ எலிசியமும் அவன் வயதுக்கு வேண்டாம். 2024 முதல் ஸ்டீமில் குடும்பக் கணக்கு முறை வந்திருக்கிறது. ஆறு பேர் வரை சேரலாம், உங்கள் கேம்களைப் பகிர்ந்துகொள்வதோடு, பையனின் கணக்கில் எந்தக் கேம் தெரிய வேண்டும், எத்தனை மணி நேரம் ஆடலாம் என்பதையும் நீங்களே வைக்கலாம். ஸ்டீமின் வசந்தகாலத் தள்ளுபடி மார்ச்சில் வருகிறது, பொதுத்தேர்வும் அப்போதுதான். வாங்கி வைப்பதில் தவறில்லை, அவன் கண்ணில் படாமல் இருந்தால் சரி.

பணம் கட்டுவதில் ஒரு குறிப்பு. ஸ்டீமில் யுபிஐ செல்லும். டாலரில் விற்கும் தளங்களுக்கு கார்டு வேண்டும். 2020-இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டுகளில் இணையப் பரிவர்த்தனையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் நாமே கேட்டுத் திறக்கும்வரை மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, சிறிய உச்சவரம்பு வைத்து, வாங்கியதும் மீண்டும் மூடிவிடுங்கள். யார் விற்கிறார்கள் என்றே தெரியாத கீ சந்தைகளில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். திருடிய கார்டில் வாங்கிய கீ அங்கே வந்து விற்கப்படுவது உண்டு. அப்படிப்பட்ட கீயைப் பதிப்பாளர் செல்லாததாக்கினால் கேம் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும், காசும் போய்விடும். ஃபாரோ ஒன்றை மட்டும் ஜிஓஜியில் தள்ளுபடியில் வாங்கி, அதில் முதல் சில நகரங்களை முடித்தபிறகும் உங்களுக்கு ஆசை மிச்சமிருந்தால், தொகுப்பைப் பற்றி அப்போது யோசியுங்கள். இன்று வரும் தொகுப்பு போனால் அதேபோன்ற இன்னொன்று ஓராண்டுக்குள் வரும்.